ஏரிக்கரைச் செடிகளும் கடற்கரை ஆய்வுக்கூடமும்

அம்பத்தூர் என்றவுடன் தொழிற்பேட்டையையும் ஷிப்டு முடியும் வேளையில் சாலையை நிறைக்கும் ஜனத்திரளையும் நினைப்பதே இன்று வழக்கமாகிவிட்டது. எனினும், 1964ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்பேட்டை ஏற்படுவதற்கு முன்னர், அம்பத்தூரும் கொரட்டூரும் பாடியும் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஏரிப்பாசனக் கிராமங்களாகவே இருந்தன என்பதையும், சென்னையிலிருந்து மேற்கே ஆர்க்காட்டை நோக்கி 1856ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இந்த வயல்களுக்கும் ஏரிகளுக்கும் ஊடாகவே சென்றது என்பதையும் அறிந்தவர்கள், இவ்வூர்களின் வேலியோரங்களில் என்னென்ன முளைத்திருக்கும் என்பதை எளிதில் ஊகித்துக்கொள்வார்கள். வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் கரிசலாங்கண்ணி, வேலியின்மேல் சுற்றிப் படரும் நஞ்சறுப்பான், தெருமுனையில் வேம்பு என்று சென்னையைச் சுற்றியுள்ள சமவெளி முழுவதற்கும் பொதுவான செடிகொடிகளே அவை. காமாலைக்குக் கரிசாலைச் சாறும், இழுப்புக்கு நஞ்சறுப்பான் இலையும் கொடுக்கத் தெரிந்த வைத்தியர் ஊருக்கு ஒருவராவது இருந்தார். ஆனால் அந்த இலைக்குள் இருந்துகொண்டு காரியம் செய்யும் வஸ்து யாது, அதன் அணுக்கள் எவ்விதம் கோக்கப்பட்டிருக்கின்றன என்ற வினாவுக்கு விடை, அம்பத்தூருக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவில், மெரினாக் கடற்கரையை நோக்கி நிற்கும் ராஜதானிக் கலாசாலையின் ரசாயன ஆய்வுக்கூடத்தில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஓர் ஆசிரியராலும் அவருடைய மாணவர் சிலராலும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று மாநிலக் கல்லூரி என்று வழங்கும் அந்தக் கலாசாலையின் ரசாயனக் குழுவைப் பற்றித் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

கலாசாலை 1840ஆம் ஆண்டில் எழும்பூரில் ஒரு பள்ளியாகத் தோன்றி, ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வகுத்த கடற்கரைக் கட்டடத்துக்கு 1870ஆம் ஆண்டில் குடிபெயர்ந்தது. நெடுங்காலம் அங்கே ரசாயனம் என்பது போதிக்கப்படும் பாடமாக இருந்ததேயன்றித் தேடிக் காணப்படும் சாஸ்திரமாக இருந்ததில்லை. பாடப்புத்தகமும் இங்கிலாந்திலிருந்து வந்தது, குடுவையும் இங்கிலாந்திலிருந்து வந்தது. பரீட்சையில் தேறியவர் உத்தியோகத்துக்குப் போனார். இந்த நிலைமையை மாற்றியவர் வங்காளத்திலிருந்து வந்த பி. பி. டே. கல்கத்தாவில் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் வளர்த்த சிஷ்ய கோஷ்டியைச் சேர்ந்தவர் இவர். பாதரச நைட்ரைட்டைக் குறித்த ஆராய்ச்சியாலும், வங்காளத்தில் நிறுவிய ரசாயனத் தொழிற்சாலையாலும், ஹிந்து ரசாயனத்தின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதியதாலும் கீர்த்தி பெற்ற ராய் அவர்களிடம் கற்றவர்கள், எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கே ஒரு ஆராய்ச்சிக் கூட்டத்தை உண்டாக்கிவிடுவது ஒரு விரதம் போலவே நடந்துவந்தது. நீல்ரதன் தர் அலகாபாத்தில் செய்ததை, டே சென்னையில் செய்தார்.

டேயின் மனத்துக்கு உகந்த பொருள் கூமரின். புதிதாக உலர்ந்த சில புல்வகைகளுக்கு இனிய மணத்தைத் தருவதும், இரண்டு வளையங்கள் ஒட்டிப் பிணைந்ததுமான ஒரு சேர்மம் அது. 1915ஆம் ஆண்டிலேயே லண்டன் ரசாயன சங்கத்தின் பத்திரிகையில் கூமரின் உண்டாகும் வினையைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சென்னைக்கு வந்த பிறகும் பல்லாண்டுகள் அவரும் அவருடைய மாணவரும் அந்தக் குடும்பத்துச் சேர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தார்கள். இது வெறும் பட்டியலைப் பெருக்கும் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். ஆனால் குடுவையைக் கையாளவும், ஒரே வினையைப் பத்து விதமாக மாற்றிப் பார்க்கவும், கிடைத்த பொருள் சுத்தமானதா என்று தன்னையே சந்தேகிக்கவும் ஒரு தலைமுறைக்குப் பயிற்சி கிடைத்தது இந்த வேலையினால்தான். அதன் பலன் பின்னால் வேறொரு செடியின் இலையிலிருந்து எதிர்பாராத வகையில் வந்து சேர்ந்தது. அதை உரிய இடத்தில் சொல்லுகிறேன்.

அந்தக் கூடத்திலிருந்து வெளிச்சென்றவர்களின் பெயர்களே அதன் தகுதிக்குச் சாட்சி. குளித்தலையில் 1900ஆம் ஆண்டில் பிறந்து, ராமகிருஷ்ண மிஷனின் ஆதரவோடு சென்னையில் கல்வி பயின்ற டி. ஆர். சேஷாத்ரி, இங்கிருந்து மான்செஸ்டருக்குச் சென்று ராபர்ட் ராபின்ஸனிடம் பயின்று, திரும்பி வந்து ஆந்திர சர்வகலாசாலையிலும் பிறகு டில்லியிலும் பெரிய ஆராய்ச்சிப் பள்ளிகளை உண்டாக்கினார். பூக்களின் நிறத்துக்குக் காரணமான பிளேவனாய்டுகளைக் குறித்த அவருடைய ஆராய்ச்சிக்காக 1960ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. சென்னையிலேயே பிறந்து இதே கலாசாலையில் பயின்ற கே. வெங்கட்டராமன், லாகூரில் ஆசிரியராக இருக்கையில் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட வினை, அவர் பெயரையும் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் பெயரையும் தாங்கி இன்றளவும் உலகெங்கும் பாடமாக இருக்கிறது. புனாவில் உள்ள தேசிய ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இந்திய இயக்குநராக 1957ஆம் ஆண்டில் அமர்ந்தவரும் அவரே.

டேயின் கூடத்தில் நடந்த மற்றொரு வகை ஆராய்ச்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கரிமச் சேர்மங்களை ரசாயனப் பொடிகளால் ஒடுக்குவதற்குப் பதிலாக, மின்சாரத்தைச் செலுத்தி ஒடுக்கும் முறையை அவர்கள் பயின்றார்கள். அந்தத் துறைக்கே தனியாக ஒரு தேசிய நிலையம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதன் பயனாக, காரைக்குடியில் அமைந்தது; 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அம்பத்தூர்க்காரருக்கு இந்தச் சாஸ்திரம் தூரத்துச் சங்கதி அல்ல. இவ்வூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்த நாளிலிருந்து, சக்கர விளிம்புக்கும் கைப்பிடிக்கும் நிக்கலும் குரோமியமும் ஏறுவது மின்ரசாயனத்தினால்தான். தொழிற்பேட்டையின் உட்தெருக்களில் இன்றும் பிளேட்டிங் பட்டறைகள் நடக்கின்றன.

இனி நம் கதையின் நாயகருக்கு வருவோம். தூத்துக்குடி ராகவாச்சாரி கோவிந்தாச்சாரி 1915ஆம் ஆண்டில் பிறந்தவர். டேயின் கீழ் ஐஸோக்வினோலின் என்ற நைட்ரஜன் வளையச் சேர்மங்களைக் குறித்து ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற பின்னர், யுத்தம் முடிந்த காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலைக்குச் சென்று ரோஜர் ஆடம்ஸிடம் பணிபுரிந்தார். அந்நாளில் கரிம ரசாயனத்தில் ஆடம்ஸுக்கு நிகராகச் சொல்லக்கூடியவர்கள் அமெரிக்காவில் மிகச் சிலரே. கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் செனீஸியோ என்ற செடிவகையின் ஆல்கலாய்டுகள் என்னும் காரத்தன்மையுள்ள சேர்மங்களைக் குறித்து ஆடம்ஸும் கோவிந்தாச்சாரியும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1949ஆம் ஆண்டில் அமெரிக்க ரசாயன சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தன. அதைவிட நீண்ட ஆயுள் பெற்றது வேறொன்று. ஐஸோக்வினோலின் வளையத்தை உண்டாக்கும் இரண்டு முக்கிய வினைகளை — பிஷ்லர், நாபியரால்ஸ்கி இருவர் கண்டது ஒன்று, பிக்டே, ஸ்பெங்லர் இருவர் கண்டது மற்றொன்று — ஆதியோடந்தமாக விளக்கும் இரண்டு அத்தியாயங்களை வேலி என்ற அமெரிக்கருடன் கூடி அவர் எழுதினார். கரிம வினைகளைத் தொகுத்துக் கூறும் பிரசித்தமான அமெரிக்க நூல்வரிசையின் ஆறாம் தொகுதியில் 1951ஆம் ஆண்டில் அவை அச்சாயின. மருந்துச் சாலைகளில் அந்த வினைகளைச் செய்ய முற்படுகிறவர்கள் எழுபதாண்டுகளுக்குப் பிறகும் அந்த அத்தியாயங்களை எடுத்துப் புரட்டுகிறார்கள்.

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் அவருக்கு வசதிக்குக் குறைவிராது. ஆயினும் அவர் திரும்பி, 1950ஆம் ஆண்டை ஒட்டி மீண்டும் கடற்கரைக் கூடத்துக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தவை: சர்க்கார் கல்லூரிக்கு உரிய சொற்பமான பணம், விலையுயர்ந்த கருவிகள் இல்லாத மேசைகள், கற்க வேண்டும் என்ற ஆவல் நிறைந்த சில இளைஞர்கள். ஆகவே அவர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார் என்று அவருடைய பணியை நோக்குகிறவர் உணரலாம். பெரிய ஆய்வுக்கூடங்கள் எவற்றைச் செய்கின்றனவோ அவற்றைப் பின்தொடர்ந்து ஓடுவதில் பயனில்லை. நம் தேசத்தின் மூலிகை வேறு யாருக்கும் நம்மைப்போல் எளிதில் கிடைப்பதில்லை. வைத்திய அனுபவம் ஏற்கெனவே கைகாட்டி வைத்திருக்கிறது. ஆதலின் நம் வேலியோரத்துச் செடியை எடுத்துக்கொண்டு, உலகத்தின் எந்தக் கூடத்துக்கும் குறையாத கண்டிப்போடு அதை ஆராய்வது. இந்த முடிவுதான் அவர்களுக்குச் சிறப்பைத் தந்தது என்று நான் கருதுகிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு செடியின் சத்தைக் கண்டுபிடிப்பது எத்தகைய உழைப்பு என்பதை இன்றைய மாணவர் கற்பனை செய்வதும் கடினம். மூட்டை மூட்டையாக இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் நாட்கணக்காக ஊறவைத்து, வடித்தெடுத்த சாற்றைச் சுண்டக் காய்ச்சினால், தார் போன்ற கரும்பச்சைக் குழம்பு மிஞ்சும். அதை நீர்த்த அமிலத்தோடு கலக்கினால், காரத்தன்மையுள்ள ஆல்கலாய்டுகள் மட்டும் அமிலத்தில் கரைந்து வரும். பிறகு அம்மோனியாவை விட்டு அவற்றைப் பிரித்து, ஈதரிலோ குளோரோபாரத்திலோ வாங்கி, அலுமினா நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஈதர் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம். சித்திரை, வைகாசியில் சென்னையின் வெயில் அந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். பக்கத்தில் தீ இருந்தால் ஆபத்து, தீ இல்லாவிட்டாலும் திரவம் தானே மறைந்துபோகும். கடற்காற்றின் ஈரமோ, உலர்த்தி வைத்த பொருளை மறுநாள் பிசினாக்கிவிடும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து, மூட்டை இலையிலிருந்து கடைசியில் கைக்கு வருவது சில கிராம் படிகம். சில செடிகளில் அதுவும் வராது. சிரப்புப் போன்ற திரவமே வரும். அப்போது கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைத் தேய்த்துக்கொண்டே, பனிக்கட்டியில் வைத்து, முதல் படிகம் தோன்றும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு உபாயம் கிடையாது.

படிகம் கிடைத்தபின், அது முன்பே அறியப்பட்ட பொருளா, புதிதா என்று தெரிய வேண்டும். இதற்கு அவர்கள் கைக்கொண்ட முறை மிக எளியது. மயிர்போல் நுண்ணிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை விளக்கில் காட்டி மூடி, அதற்குள் சிறிதளவு படிகப் பொடியைத் தட்டித் தட்டி இறக்கி, அக்குழாயை வெப்பமானியின் பாதரசக் குமிழோடு ஒட்டி நிற்கும்படி வைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி ஏறும் அளவுக்குச் சூடேற்றிக்கொண்டு, பொடி எந்த டிகிரியில் சுருங்கி, நனைந்து, தெளிந்த துளியாக மாறுகிறது என்று ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் மூலம் கவனிப்பார்கள். புதுப் பொருளும் பழைய பொருளும் ஒரே டிகிரியில் உருகினால் மாத்திரம் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. தற்செயலாக அவ்விதம் நேரலாம். ஆகையால் இரண்டையும் சம பாகம் கலந்து மறுபடியும் உருக்குவார்கள். ஒன்றேயானால் உருகும் டிகிரி மாறாது. வெவ்வேறானால், ஒன்று மற்றொன்றுக்கு அழுக்காகி, பல டிகிரிகள் கீழேயே குழைந்து உருகும். இதில் கருவியின் விலை சில ரூபாய்; வேண்டியதெல்லாம் கண்ணும் பொறுமையும் நேர்மையும். மூன்றும் அந்தக் கூடத்தில் இருந்தன. கார்பனும் ஹைட்ரஜனும் எத்தனை பங்கு என்பதைச் சில மில்லிகிராம் பொருளை எரித்துக் கணக்கிட்டு, அணு எண்ணிக்கையை நிர்ணயித்துக்கொண்ட பின்னரே, கட்டுமானத்தை அறியும் பெரிய வேலை தொடங்கும்: இடித்த வீட்டின் தூண்களையும் நிலைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்து வீட்டின் அமைப்பை ஊகிப்பதைப்போல், மூலக்கூற்றைக் கணக்கறிந்து உடைத்து, விழும் துண்டுகளைத் தனித்தனியே இனங்கண்டு, முழுமையை மனத்தில் கட்டி எழுப்ப வேண்டும்.

இவ்விதம் அவர்கள் ஆராய்ந்தவற்றுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது நஞ்சறுப்பான். எருக்கின் இனத்தைச் சேர்ந்த மெல்லிய கொடி இது. எதிரெதிராக நிற்கும் முட்டை வடிவ இலைகள் சற்றுத் தடிப்பாக இருக்கும். சிறிய பூக்கள் மங்கிய மஞ்சள் நிறம். காய் வெடித்தால் பட்டுப்போன்ற மயிர்க்கற்றையோடு விதைகள் காற்றில் பறக்கும். சோழமண்டலக் கரையில் இதன் வேரைச் சீதபேதிக்கும் வாந்தி எடுப்பிப்பதற்கும் இபிகாக் மருந்துக்குப் பிரதியாகப் பயன்படுத்துவதைத் தாவர சாஸ்திரி ராக்ஸ்பர்க் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னரே புகழ்ந்து எழுதிவைத்தார். 1935ஆம் ஆண்டில் சென்னையிலேயே ரத்னகிரீஸ்வரன், வெங்கடாசலம் என்னும் இருவர் இந்தச் செடியிலிருந்து டைலோபோரின், டைலோபோரினின் என இரண்டு ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். ஆனால் அவற்றின் கட்டுமானம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விடுவிக்கப்படாத புதிராகவே இருந்தது.

கோவிந்தாச்சாரியும், பி. ஆர். பை, கே. நாகராஜன் ஆகிய மாணவரும் அதை எடுத்துக்கொண்டு, முதற் கட்டுரையை 1954ஆம் ஆண்டில் லண்டனில் வெளியிட்டார்கள். டைலோபோரினில் 24 கார்பன் அணுக்கள், 27 ஹைட்ரஜன், 4 ஆக்ஸிஜன், ஒரே ஒரு நைட்ரஜன். ஆக்ஸிஜன் நான்கும் மீதாக்ஸி என்ற தொகுதிகளாகவே அமைந்திருப்பது ஹைட்ரயோடிக் அமிலத்தோடு காய்ச்சியபோது வெளிப்பட்டது. புறஊதா ஒளியை அது விழுங்கும் விதமோ, மூன்று பென்சீன் வளையங்கள் வளைவாக ஒட்டிய பினாந்திரீன் அதற்குள் ஒளிந்திருப்பதைத் தெரிவித்தது. நைட்ரஜன் எங்கே நிற்கிறது, மீதமுள்ள வளையங்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்பவற்றை, கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும் பழைய முறைகளால் ஆண்டுக்கணக்காகத் தேடி, எம். வி. லட்சுமிகாந்தம், எஸ். ராஜப்பா முதலியவர்களும் சேர்ந்து, 1960ஆம் ஆண்டில் முழு அமைப்பையும் எழுதினார்கள். பினாந்திரீனோடு, நைட்ரஜனைத் தாங்கிய இரட்டை வளையம் ஒன்று பின்னிய ஐந்து வளையக் கட்டுமானம் அது. இயற்கையில் அதுவரை எவரும் கண்டிராத ஒரு புதிய குடும்பம். அதோடு அவர்கள் நிற்கவில்லை. எழுதிய அமைப்பு சரியானால் அதை ஆய்வுக்கூடத்தில் கட்டிக் காட்டவும் முடிய வேண்டும் அல்லவா? எளிய பொருள்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக டைலோபோரினைச் செய்துமுடித்த விவரம் 1961ஆம் ஆண்டில் அச்சாயிற்று. உடைத்துக் கண்டதைக் கட்டியும் காட்டுவது என்ற இந்தக் கண்டிப்பை, டேயின் காலத்திலிருந்து வந்த பயிற்சியின் பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும். உடைக்கும் கூட்டம் பல இருந்தன, கட்டத் தெரிந்த கூட்டம் நம் நாட்டில் அப்போது மிகக் குறைவு.

லட்சுமிகாந்தம் அம்மையாரைக் குறித்து ஒரு வார்த்தை. பெண்கள் ரசாயனக் கூடத்தில் இரவுவரை நின்று வேலை செய்வதைக் குடும்பங்கள் எளிதில் ஒப்பாத காலத்தில், இத்தகைய ஆராய்ச்சியின் நடுவில் அவர் பெயர் இடம்பெற்றது. பின்னர் அவர் அமெரிக்காவுக்குச் சென்று, மைக்கேல் காவா என்ற பேராசிரியரோடு கூடிக் கந்தகம், செலினியம் அடங்கிய சேர்மங்களைக் குறித்துப் பல ஆண்டுகள் கட்டுரைகள் எழுதினார்.

டைலோபோரினின் பிற்காலச் சரித்திரமும் சுவையுடையது. 1960களின் பிற்பகுதியில் டில்லியில் டாக்டர் சிவ்புரி, ஆஸ்துமா நோயாளிகளுக்கு நஞ்சறுப்பான் இலையை மென்று தின்னக் கொடுத்து முறையாகச் சோதித்தார். நாட்டு வைத்தியரின் வாக்கு பெரிய மருத்துவ நிலையத்தில் விசாரிக்கப்பட்ட அரிய சந்தர்ப்பம் அது. ஆஸ்திரேலியாவில் இதன் உறவுக்கொடி ஒன்றிலிருந்து கிடைத்த டைலோகிரீபிரின் என்ற சேர்மம், புற்றுநோய் மருந்தாகுமோ என்ற நம்பிக்கையோடு மனிதரிடம் சோதிக்கப்பட்டு, நரம்பு மண்டலத்தைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. அந்தத் தீங்கை நீக்கி, நன்மையை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மூலக்கூற்றை மாற்றியமைக்கும் முயற்சியில் பல தேசத்து ரசாயனிகள் இன்னும் ஈடுபட்டிருக்கிறார்கள்.

முன்பு நான் சொல்லாமல் வைத்த சங்கதிக்கு இப்போது வருகிறேன். மஞ்சள் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணியின் இலையிலிருந்து கோவிந்தாச்சாரியும், நாகராஜனும், பையும் ஒரு சேர்மத்தைப் பிரித்து, வெடிலோலாக்டோன் என்று பெயரிட்டு, 1956ஆம் ஆண்டில் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். பார்த்தால், அதன் நடுவில் இருந்தது கூமரின்! அதனோடு இன்னொரு வளையக்கூட்டம் பின்னி, கூமெஸ்டான் என்று இன்று சொல்லப்படும் நான்கு வளையக் கட்டுமானமாக நின்றது. அந்த வகைக் கட்டுமானம் இயற்கையில் உண்டு என்பதை உலகுக்கு முதலில் அறிவித்தது இந்த இலையே; தீவனப் பயிர்களிலிருந்து அமெரிக்கர் கூமெஸ்ட்ராலைக் கண்டது அடுத்த ஆண்டில்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் டே தொடங்கிய கூமரின் வேலை, சென்னையில் மாணவரின் மாணவர் கைக்கு ஆயத்தமான கருவியாக வந்து உதவியது. வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணியிலும் இதே சேர்மம் உண்டு என்பது பின்னர் புலப்பட்டது. பாம்பு விஷத்தால் தசை சிதைவதை அது தடுக்கிறதா என்று 1980களில் பிரேசில் நாட்டார் விலங்குகளில் சோதித்து, ஆம் என்று கண்டார்கள்.

ஏழிலைப்பாலையின் பட்டையிலுள்ள எக்கிடமின், வேறு பல கூடங்களும் போட்டியிட்டு ஆராய்ந்த பொருள். கோவிந்தாச்சாரியும் ராஜப்பாவும் ரசாயன முறைகளால் அதன் அமைப்பை நெருங்கிக்கொண்டிருக்கையில், பெங்களூரில் மனோகரும் ராமசேஷனும், கிளாஸ்கோவில் ராபர்ட்ஸன் குழுவினரும் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி 1961ஆம் ஆண்டில் அணுக்களின் இருப்பிடத்தையே காட்டிவிட்டார்கள். ஒரு யுகம் முடிந்து மற்றொரு யுகம் பிறப்பதன் அடையாளமாக அதை நான் காண்கிறேன். கோப்ஸியா என்ற தோட்டச் செடியின் ஆல்கலாய்டை ஸூரிச் நகரத்து ஷ்மிட் என்ற பேராசிரியரோடு கூடி ஆராய்ந்து 1963இல் முடிவு கண்டதோடு, கடற்கரைக் கூடத்தில் கோவிந்தாச்சாரியின் அத்தியாயம் ஏறக்குறைய நிறைவெய்துகிறது.

தேசமும் அவரைக் கௌரவிக்காமல் இல்லை. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு ரசாயனத் துறைக்கு முதன்முறையாக 1960ஆம் ஆண்டில் வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் கோவிந்தாச்சாரியே. டில்லி, கல்கத்தா, பம்பாய் முதலிய இடங்களில் விஸ்தாரமான ஆய்வுக்கூடங்கள் இருக்க, ஒரு சர்க்கார் கல்லூரியின் ஆசிரியருக்கு முதற் பரிசு சென்றது சாமானியமான காரியம் அல்ல. கல்லூரியின் முதல்வர் பதவியையும் வகித்தபின், 1963இல், ஸ்விட்ஸர்லாந்தின் ஸீபா கம்பெனி பம்பாய்க்கு அடுத்த கோரேகாவில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இயக்குநராக அவர் சென்றார். மாணவர் பலரும் உடன் சென்றார்கள். சென்னைக்கு இது பெரும் நஷ்டம் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய கூட்டத்துக்கு வேண்டிய கருவிகளைக் கல்லூரிக்குக் கொடுக்க நாம் தவறினோம், ஒரு கம்பெனி கொடுத்தது. கோரேகாவில் அவரும் பார்த்தசாரதி என்பவரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி ஒன்றிலிருந்து ஆன்ஸிஸ்ட்ரோகிளாடின் என்ற புதுவகை ஐஸோக்வினோலினைக் கண்டார்கள். இளமையில் டேயிடம் தொடங்கிய வளையம் அங்கேயும் அவரைத் தேடி வந்தது. நாகராஜன் தலைமையில் அங்கே உருவான ஸின்டாமில் என்ற மனச்சோர்வு மருந்து, இந்தியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்டு இந்தியக் கடைகளில் விற்பனைக்கு வந்த மிகச் சில புது மருந்துகளுள் ஒன்று.

கடற்கரைக் கூடத்தில் பை தொடர்ந்து ஆல்கலாய்டு ஆராய்ச்சியை நடத்தினார். கிண்டியில், சென்னை சர்வகலாசாலையின் கரிம ரசாயனத் துறையில், எஸ். சுவாமிநாதன் வேறு வழியில் ஒரு பள்ளியை வளர்த்தார். அசிட்டிலீன் ஆல்கஹால்கள் அமிலத்தில் உருமாறும் விதங்களைக் குறித்து அவரும் நாராயணன் என்பவரும் 1971இல் எழுதிய நீண்ட விமரிசனக் கட்டுரையை அந்தத் துறையில் எழுதுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. இலட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தராக இருந்த அந்த நெடுங்காலத்தில்தான், கிண்டியிலேயே பௌதிகத் துறையில் ஜி. என். ராமச்சந்திரன் தோலின் புரதமான கொல்லாஜெனின் மூவிழைச் சுருளைக் கண்டதும், அதற்கு வேண்டிய கங்காருவின் வால் தசைநாண் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்ததும். ஒரே நகரத்தில், சில மைல்களுக்குள், இத்தனை பேர் ஒரே சமயத்தில் இயங்கினார்கள் என்பதை நினைக்கும்போது உள்ளம் பூரிக்கிறது.

கோரேகாவிலிருந்து ஓய்வு பெற்ற கோவிந்தாச்சாரி சென்னைக்கே திரும்பினார். வயது எழுபதைக் கடந்தபின், ஸ்பிக் நிறுவனத்தைச் சார்ந்த விவசாய ரசாயன ஆராய்ச்சி மையத்தில் வேம்பை எடுத்துக்கொண்டார். வேப்பம் விதையில் பூச்சிகளின் பசியை அடக்கி, தோலுரித்து வளர்வதையும் குலைக்கும் அஸாடிராக்டின் என்ற பொருளை 1968இல் பிரித்தவர்கள் இங்கிலாந்தின் கீல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பட்டர்வொர்த்தும் மார்கனும். அதன் அமைப்பைத் திருத்தமாக நிர்ணயிக்க 1980களின் நடுப்பகுதிவரை ஆயிற்று. அதைக் கேம்பிரிட்ஜில் லே என்பவர் செயற்கையில் கட்டி முடிக்க 22 ஆண்டுகள் பிடித்து, 2007இல்தான் கைகூடிற்று. வேப்பம் பருப்பில் அஸாடிராக்டின் தனியாக இருப்பதில்லை. சற்றே வேறுபட்ட சகோதரச் சேர்மங்கள் பல அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உயரழுத்தத் திரவப் பிரிப்புக் கருவியைக் கொண்டு அவற்றைத் தனித்தனியே பிரித்து, புதியவை இரண்டுக்கு 1992இல் அமைப்பும் கண்டு வெளியிட்டது கோவிந்தாச்சாரியின் குழு. அலுமினாக் குழாயின் அடியில் சொட்டை எண்ணிக்கொண்டு தொடங்கிய கை, கருவி மாறிய காலத்திலும் அதே வேலையை அதே சிரத்தையோடு செய்தது.

அதே பத்தாண்டில் வேம்பின் பூஞ்சை ஒழிக்கும் குணத்துக்கு அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றதும், இந்தியரின் முன்னனுபவத்தை ஆதாரமாக வைத்து நடந்த வழக்கில் 2000ஆம் ஆண்டில் அது ரத்தானதும், மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானதும் பத்திரிகை படிப்போர் அறிந்தவை. கோவிந்தாச்சாரி 2001 டிசம்பரில் காலமானார். இன்று உரக்கடையில் வேப்பெண்ணெய்ப் பூச்சிமருந்து கேட்டால், 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10,000 பிபிஎம் என்று அஸாடிராக்டினின் அளவைச் சீட்டில் அச்சிட்டே தருகிறார்கள். அந்த எண் சரியானதுதானா என்று ஒவ்வொரு தொகுதிக்கும் அளந்து கையெழுத்திடுவது, ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. முடித்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுக் கூடங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளின் அன்றாடப் பணி.